மார்கழிப் பாட்டு மூன்று ஊர் தாண்டிக் கேட்பது ஏன்? அலைகள் வளையும் கணக்கு

மார்கழி மாதம் டெல்டா பக்கத்துக் கிராமம் ஒன்றில் விடியற்காலை ஐந்து மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். உள்ளூர்க் கோயில் மைக்செட் மட்டும் கேட்காது. பக்கத்து ஊர்ப் பாட்டு, அதற்கடுத்த ஊர்ப் பாட்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ஊரின் பாட்டு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். அதே கூம்புக் குழாய், அதே வால்யூமில் பகல் ஒரு மணிக்குப் பாடினால் ஊர் எல்லையைத் தாண்டுவதே சந்தேகம்.

வருஷா வருஷம் இதை வைத்து வாக்குவாதம் வரும். தூக்கம் கெட்டவர் "விடியற்காலையில் வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டுகிறார்கள்" என்பார். மைக்செட்காரர் "திருகையே தொடவில்லை" என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. இடையில் நின்று குழப்புவது காற்று.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. ஊர் அமைதியாக இருக்கிறது, காற்று அடித்துக்கொண்டு வருகிறது, பனி சத்தத்தைக் கடத்துகிறது. முதலாவது பாதி சரி. இரண்டாவது சரி, ஆனால் காரணம் வேறு. மூன்றாவது தவறு. மூன்றுக்கும் பின்னால் ஒரே ஒரு விதி இருக்கிறது: அலை எதுவானாலும், தன் வேகம் குறைகிற பக்கமாகத் திரும்பும். மத்தியானம் தார் ரோட்டில் தெரியும் கானல் நீருக்கும், நாகப்பட்டினம் கடற்கரைக்கு அலைகள் வரிசை பிடித்து வருவதற்கும் அதே விதிதான். அடிப்படையிலிருந்து போவோம்.

அலையில் நகர்வது எது?

கதிர் வாங்கிய சம்பா வயலில் காற்று வீசும்போது ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அலை ஓடும். பயிர் ஓடுவதில்லை. ஒவ்வொரு தாளும் நின்ற இடத்திலேயே தலை சாய்ந்து நிமிர்கிறது. குளத்தில் கல்லைப் போட்டாலும் இப்படித்தான். வளையம் கரைக்கு வரும். மிதக்கிற ஆகாயத்தாமரை இலை இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். ஆட்டம் கைமாறிக் கைமாறிப் போவதுதான் அலை. போவது ஆற்றல், பொருள் அல்ல.

மூன்று சொற்கள் தெரிந்தால் போதும்.

1. அலைநீளம்: ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம்.
2. அதிர்வெண்: ஒரு விநாடியில் எத்தனை முறை ஆட்டம் நடக்கிறது என்ற எண்ணிக்கை. அலகு ஹெர்ட்ஸ்.
3. வீச்சு: ஆட்டம் எவ்வளவு பெரியது என்பது. ஒலியில் இது சத்தத்தின் பலம். கடலில் அலையின் உயரம்.

முதல் இரண்டையும் பெருக்கினால் அலையின் வேகம் வரும். மனிதக் காது கேட்கும் எல்லை சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. ஆக, நாம் கேட்கும் ஒலியின் அலைநீளம் 17 மீட்டரில் தொடங்கி 1.7 சென்டிமீட்டர் வரை இறங்குகிறது. ஒரு பக்கம் பேருந்தைவிட நீளம், மறுபக்கம் விரல் நுனி அளவு.

இதைத் தச்சுப் பட்டறையில் கண்ணால் பார்க்கலாம். ஆடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடைகிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குட்டையானது திமிரி, நீளமானது பாரி. குழல் நீளமானால் உள்ளே நிற்கும் அலையும் நீளம். அலை நீளமானால் அதிர்வெண் குறைவு. அதனால்தான் திமிரி கீச்சென்று மேலே நிற்கிறது, பாரி கனமாகக் கீழே இறங்குகிறது. தஞ்சாவூர் வீணையில் தந்தியைச் சரிபாதியில் அழுத்தினால் மேல் ஸட்ஜம் பேசுவதும் இதே கணக்கு. அலைநீளம் பாதி, அதிர்வெண் இரட்டை.

டெல்டாவின் தலைமாட்டில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி.வி. ராமன், ஒளிச்சிதறலுக்காக 1930இல் நோபல் பரிசு வாங்கினார். அது எல்லோருக்கும் தெரியும். அவர் மிருதங்கத்தையும் ஆராய்ந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. சாதாரணத் தோலைத் தட்டினால் எழும் பல அதிர்வெண்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. வெறும் 'டொம்' தான். மிருதங்கத்தின் நடுவில் அப்பும் கருப்புச் சாந்து தோலின் எடையை இடத்துக்கு இடம் மாற்றி, அந்த அதிர்வெண்களை முழு எண் விகிதத்தில் வரிசைப்படுத்துகிறது என்று அவர் காட்டினார். சாந்து அப்பியவர்களுக்குச் சமன்பாடு தெரியாது, காது தெரியும்.

ஒலிக்கும் ஒளிக்கும் வித்தியாசம் எங்கே?

ஒலி என்பது காற்று நெருங்கி விலகும் அலை. காற்றோ நீரோ இரும்போ, ஏதாவது ஒரு பொருள் வேண்டும். ஒளி என்பது மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து ஆடும் அலை. அதற்கு எந்தப் பொருளும் தேவையில்லை. அதனால்தான் வெற்றிடத்தைத் தாண்டிச் சூரிய வெளிச்சம் வருகிறது, சூரியனின் சத்தம் வருவதில்லை.

இன்னொரு வித்தியாசம் அளவில் இருக்கிறது. பச்சை ஒளியின் அலைகளை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 2,000 அடங்கும். அலை தன் நீளத்துக்கு ஒப்பான தடையைச் சந்தித்தால் சுற்றிக்கொண்டு போகும். தடை மிகப் பெரிதாக இருந்தால் பின்னால் நிழல் விழும். கோயில் மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்குத் தவில் கேட்கிறது, தவில்காரர் தெரிவதில்லை. மதில் ஒலிக்குச் சின்னத் தடை, ஒளிக்கு மலை.

சொல்லப்போனால், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிற கதைக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. சுமார் 66 மீட்டர் உயரக் கருங்கல்லைச் சுற்றி வளைந்து போக ஒளியால் முடியாது. காலையிலும் மாலையிலும் நிழல் நீளமாக விழும். உச்சி வேளையில் சூரியன் தலைக்கு மேல் வரும்போது, கூம்பி எழும் விமானத்தின் நிழல் அதன் அடித்தளத்துக்குள்ளேயே ஒடுங்கிவிடலாம். அவ்வளவுதான். ராஜராஜனின் பெருமைக்கு இந்தக் கதை தேவையே இல்லை.

வேகம் எதைப் பொறுத்தது?

சாமி புறப்பாட்டைத் தெருக்கோடியிலிருந்து பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். தவிலில் குச்சி விழுவது கண்ணுக்குத் தெரிந்து, ஒரு கணம் கழித்துத்தான் சத்தம் வரும். 340 மீட்டர் தள்ளி நின்றால் அந்த இடைவெளி ஒரு விநாடி. ஆனால் தவிலும் நாகஸ்வரமும் ஒன்றோடொன்று பிசகுவதில்லை. கனத்த ஒலியும் மெல்லிய ஒலியும், உரத்ததும் மென்மையானதும், காற்றில் ஒரே வேகத்தில்தான் வருகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஒலியின் வேகத்தை மாற்றுவது முக்கியமாக வெப்பநிலை. 0 டிகிரி செல்சியஸில் விநாடிக்கு 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் சுமார் 0.6 மீட்டர் கூடும். 20 டிகிரி விடியலில் 343, 35 டிகிரி மத்தியானத்தில் 352. சூடான காற்றில் மூலக்கூறுகள் வேகமாக ஓடுகின்றன, செய்தியை வேகமாகக் கைமாற்றுகின்றன.

ஒளி வெற்றிடத்தில் விநாடிக்கு 2,99,792 கிலோமீட்டர் போகும். நீரில் அது சுமார் 2,25,000 ஆகக் குறையும், கண்ணாடியில் ஏறக்குறைய 2,00,000. காற்றில் குறைவது பத்தாயிரத்தில் மூன்று பங்குதான். காற்று சூடானால் அடர்த்தி குறையும், அந்தக் குறைவும் கொஞ்சம் தளரும். அதாவது சூடான காற்றில் ஒளியும் ஒரு துளி வேகம்.

காரணம் வேறு வேறு என்றாலும் முடிவு ஒன்று: சூடான காற்றில் ஒலி, ஒளி இரண்டுமே வேகமாகப் போகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பரம்பு திரும்புவது போல

நடவுக்கு முன் சேற்றைச் சமப்படுத்த இரண்டு மாடுகளைப் பூட்டிப் பரம்பு இழுப்பார்கள். டிராக்டர் வந்த பிறகு குறைந்துவிட்டாலும் பார்த்தவர்கள் இருப்பார்கள். நீளமான பலகை, இரண்டு முனையும் ஒரே வேகத்தில் போகும் வரை நேராகப் போகும். இடது மாட்டின் கால் உளைச்சேற்றில் புதைந்து நடை தளர்ந்தால்? வலது மாடு பழைய வேகத்திலேயே போகும். பலகை இடது பக்கமாகத் திரும்பும். யாரும் திருப்பவில்லை, ஒரு முனை பின்தங்கியது, அவ்வளவுதான்.

அலையின் முகப்பும் ஒரு பரம்புப் பலகைதான். அதன் ஒரு முனை மெதுவான பகுதியில் போனால், மொத்த அலையும் அந்தப் பக்கம் திரும்பும். இதற்கு ஒளிவிலகல், ஒலிவிலகல் என்று பாடப்புத்தகத்தில் தனித்தனிப் பெயர், விஷயம் ஒன்றே. இரண்டு மாடும் ஒரே நேரத்தில் சேற்றில் இறங்கினால் வேகம் குறையும், திசை மாறாது. அலை நேர்க்குத்தாக வந்தாலும் அதே நிலைதான்.

வாய்க்கால் தரை மேலே எழும்பித் தெரிவது இதனால்தான். தரையிலிருந்து வரும் ஒளி நீரைவிட்டு வெளியேறும்போது வளைகிறது. கண்ணுக்கு அந்த வளைவு தெரியாது, நேராக வந்ததாகவே நினைத்துக்கொள்ளும். மேலிருந்து நேராகப் பார்த்தால் உண்மை ஆழத்தில் முக்கால் பங்குதான் தெரியும். எட்டடித் தண்ணீர் ஆறடி போலத் தெரியும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவு. தண்ணீர் திறந்துவிட்ட சமயத்தில் "இடுப்பளவுதான் இருக்கும்" என்று ஆற்றில் இறங்குபவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கணக்கு இது.

பகலில் ஒலி மேலே, விடியலில் கீழே

இப்போது மைக்செட்டுக்கு வருவோம்.

பகலில் வெயில் தரையைச் சுடவைக்கிறது. தரையை ஒட்டிய காற்று அதிகச் சூடு, மேலே போகப் போகக் குளிர்ச்சி. ஒலி அலையின் அடிப்பகுதி வேகமாகவும் தலைப்பகுதி மெதுவாகவும் ஓடுகிறது. மெதுவான பக்கம் மேலே இருப்பதால் அலை மேல்நோக்கித் திரும்பும். குழாயிலிருந்து கிளம்பிய பாட்டு, கொஞ்ச தூரம் போனதும் தரையைவிட்டு எழும்பிவிடுகிறது. அடுத்த ஊர்க்காரர் அதன் நிழலில் நிற்கிறார். சத்தம் அவர் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது.

விடியலில் எல்லாம் தலைகீழ். தரை இரவு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாகத் தன் வெப்பத்தை வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கம்பளி போல மூடி அந்த வெப்பத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். மார்கழியில் மழை ஓய்ந்து வானம் தெளிந்த இரவுகள் கூடும், காற்றும் அசையாது. தரை நன்றாகக் குளிரும், அதை ஒட்டிய காற்றும் குளிரும், மேலே இருக்கும் காற்று மட்டும் கொஞ்சம் கதகதப்பாகவே நிற்கும். இதற்கு வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்று பெயர். இப்போது ஒலிக்கு மெதுவான பக்கம் கீழே. மேலே போன பாட்டும் வளைந்து தரைக்கு வருகிறது.

எவ்வளவு வளையும்? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தரையிலிருந்து 50 மீட்டர் உயரத்துக்குள் வெப்பநிலை 5 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலியின் வேகம் அந்த உயரத்தில் விநாடிக்கு 3 மீட்டர் கூடும். 345க்கு 3 என்பது ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆனால் ஒலியின் பாதை சுமார் 5,750 மீட்டர் ஆரமுள்ள பெரிய வட்டத்தின் ஒரு துண்டாக வளைந்துவிடும். ஏழரை டிகிரி சாய்வில் மேல்நோக்கிப் புறப்பட்ட ஒலி, 50 மீட்டர் உயரம் தொட்டுவிட்டு ஒன்றரை கிலோமீட்டரில் தரைக்கு இறங்கிவிடும். இறங்குகிற இடம் ஆறோ குளமோ என்றால் அதில் பட்டு மறுபடியும் எழும்பும், மறுபடியும் வளையும். மேடு பள்ளமில்லாத டெல்டாவில் அதை மறிக்க ஒரு குன்று கூட இல்லை.

இந்த நிலை இருக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். விடியலில் எந்த வீட்டிலாவது விறகடுப்புப் புகை எழுந்தால் கவனியுங்கள். தென்னை உயரம் வரை நேராக ஏறி, அங்கே யாரோ பாய் விரித்தது போலப் படுத்துவிடும். மேலே இருப்பது தன்னைவிடக் கனமில்லாத காற்று என்பதால் புகைக்கு அதற்கு மேல் ஏற வழியில்லை. புகை படுத்திருக்கிற வரை தூரத்துப் பாட்டு கேட்கும். வெயில் ஏறி, புகை கலைந்து மேலே போகத் தொடங்கினால் பாட்டும் மங்கிவிடும்.

பனி பற்றிய நம்பிக்கைக்கும் இதில் விடை இருக்கிறது. மூடுபனி ஒலியைக் கடத்துவதில்லை. தரைக் காற்று குளிர்வதால் பனியும் உண்டாகிறது, ஒலியும் வளைகிறது. ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்றை மற்றதற்குக் காரணம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் காற்று. மெல்லிய காற்று விநாடிக்கு 5 மீட்டர் வீசினால் 345 மீட்டர் வேகத்தில் போகும் ஒலியை அது எங்கே 'அடித்துக்கொண்டு' வரப்போகிறது? நடப்பது வேறு. தரையை ஒட்டி மரமும் வீடும் காற்றைத் தடுக்கும். மேலே காற்று வேகமாக வீசும். காற்றடிக்கும் திசையில் போகும் ஒலிக்கு மேல்பகுதி வேகம் கூடும், அதனால் கீழே வளையும். எதிர்த்திசையில் போகும் ஒலி மேலே வளையும். மறுபடி பரம்புதான்.

டெசிபெல்லும் சட்டமும்

ஒலியின் பலத்தை டெசிபெல்லில் சொல்கிறோம். இது சாதாரண முழக்கோல் அல்ல. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் செறிவு பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும், தூரம் பத்து மடங்கானால் 20 குறையும்.

ஒரு மீட்டரில் 110 டெசிபெல் தரும் குழாயை எடுத்துக்கொண்டால், வளைவு எதுவும் இல்லாத காற்றில் 100 மீட்டரில் 70, ஒரு கிலோமீட்டரில் 50. பகலில் ஒலி மேலே வளைவதால் இதிலிருந்து இன்னும் 20 டெசிபெல் வரை கழியலாம். பம்ப்செட், பஸ், டிராக்டர் சத்தம் மிச்சத்தையும் விழுங்கிவிடும். விடியலில் அந்த 20 கழிவதில்லை, விழுங்க ஆளும் இல்லை. ஊர் அமைதி என்பது பாதிக் காரணம் என்று மேலே சொன்னது இதைத்தான்.

நாட்டில் நடைமுறையில் இருக்கும் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை. மூடிய அரங்கத்துக்கு வெளியே அந்த நேரத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்கு மாநில அரசு தரக்கூடிய தளர்வும் நள்ளிரவு வரைதான். மார்கழி ஐந்து மணி, சட்டத்தின் கணக்கில் இரவு. மரபா சட்டமா என்ற வழக்குக்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. இயற்பியல் சொல்வது இவ்வளவுதான்:

1. மாலையில் கோயில் வாசலில் நின்று சரிபார்த்த வால்யூம், விடியலில் அதே வால்யூம் அல்ல. திருகு மாறாது, எல்லை மாறும்.
2. குழாயைக் கோபுரத்தில் ஏற்றிக் கட்டினால் வீடும் மரமும் தடுக்க வேண்டிய சத்தமும் தப்பித்துப் போகும். உள்ளூருக்கு மட்டும் கேட்க வேண்டுமென்றால், தாழ வைத்த பல சிறிய ஸ்பீக்கர்கள் ஒரு பெரிய குழாயைவிட மேல்.
3. தூரத்தில் மெட்டு கேட்கும், சொல் புரியாது. காற்று உயர் அதிர்வெண்களை அதிகம் உறிஞ்சிவிடுகிறது. ச, ட, த போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அந்த உயர் அதிர்வெண்கள்தான். வால்யூமைக் கூட்டினாலும் அடுத்த ஊருக்குப் பாடல் போகாது, இரைச்சல்தான் போகும்.

கானல் தெரிந்தால் மணி கேட்காது

இதே மத்தியானக் காற்றில் ஒளிக்கு என்ன ஆகிறது? வேதாரண்யம் உப்பளப் பக்கமோ, நாகப்பட்டினம் போகும் தார் ரோட்டிலோ, சித்திரை வெயிலில் தூரத்தில் தண்ணீர் தேங்கி நிற்பது போலத் தெரியும். கிட்டப் போனால் நகர்ந்து போகும்.

தாரை ஒட்டிய காற்று மேலே இருப்பதைவிட 30 டிகிரி வரை சூடாக இருக்கலாம். அங்கே ஒளி ஒரு துளி வேகம், மேலே ஒரு துளி மெதுவு. வானத்திலிருந்து சாய்வாக ரோட்டை நோக்கி வரும் ஒளி, ரோட்டைத் தொடுவதற்கு முன்பே மெதுவான பக்கமாக, அதாவது மேல்நோக்கி வளைந்து நம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. நாம் தண்ணீர் என்று பார்ப்பது வானத்தின் ஒரு துண்டு. தண்ணீர் போலப் பளபளப்பதற்கும் அதுவே காரணம். உண்மையான தண்ணீரிலும் நாம் பார்ப்பது வானத்தைத்தானே.

ஒலியோடு ஒப்பிட்டால் ஒளி வளைவது மிகச் சொற்பம். 10 டிகிரி வித்தியாசம் ஒலியின் வேகத்தைக் கிட்டத்தட்ட இரண்டு சதவீதம் மாற்றும். ஒளிக்கு அது ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே அரை டிகிரிக்கும் குறைவான சாய்வில், ரோட்டை உரசுவது போல வரும் ஒளி மட்டுமே தப்பி வளையும். ஸ்கூட்டரில் போகிறவரின் கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், கானல் தொடங்கும் இடம் ஏறக்குறைய 200 மீட்டர் முன்னால். அவர் 50 மீட்டர் போனால் அதுவும் 50 மீட்டர் தள்ளிப்போகும். துரத்திப் பிடிக்க முடியாததற்குக் காரணம் இந்தக் கோணம்தான்.

ஆக, வெயில் நேரத்தில் ஒலி, ஒளி இரண்டும் மேலேதான் வளைகின்றன. ஒன்று பாட்டைப் பறிக்கிறது, மற்றது வானத்தைத் தரையில் காட்டுகிறது. கானல் பளபளக்கிற வேளையில் தூரத்துக் கோயில் மணியைக் கேட்க முயன்று பாருங்கள்.

ஒளி கீழே வளைவதையும் பார்க்கலாம். பூம்புகார் கரையில் சூரிய உதயம் பார்க்கிறவர்கள், சூரியனின் அடி விளிம்பு கடலைத் தொட்டு நிற்கும் கணத்தைப் படம் எடுப்பார்கள். அந்தக் கணத்தில் சூரியன் உண்மையில் அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது. கீழே அடர்ந்தும் மேலே மெலிந்தும் இருக்கும் காற்று, ஒளியைச் சுமார் அரை டிகிரிக்குச் சற்று மேலே வளைத்துத் தூக்கிக் காட்டுகிறது. சூரியனின் அகலமே அரை டிகிரிதான். கணக்குப்படி வர வேண்டிய நேரத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் முன்னதாகவே உதயம் நடந்துவிடுகிறது.

கடலலை ஏன் கரைக்கு நேராக வருகிறது?

வடகிழக்குப் பருவத்தில் காற்று கரைக்குச் சாய்வாகத்தான் வீசுகிறது. அலையும் சாய்வாகத்தான் கிளம்புகிறது. ஆனால் கரைக்கு வரும்போது ஏறக்குறைய கரைக்கு இணையாக வரிசை பிடித்துவிடுகிறது. ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. ஆழம் குறைந்தால் வேகம் குறையும். சாய்வாக வரும் அலையின் கரைப் பக்க முனை முதலில் மேட்டுக்கு வந்து மெதுவாகிறது, மறுமுனை வேகமாக வந்து சேர்ந்துகொள்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று வந்ததும் இதே வகை அலைதான், அளவு வேறு. சுனாமியின் அலைநீளம் நூறு கிலோமீட்டர்களில் அளக்கப்படுவது. அதற்கு நாலு கிலோமீட்டர் ஆழக் கடலும் மேடுதான். 4,000 மீட்டர் ஆழத்தில் அதன் வேகம் மணிக்குச் சுமார் 710 கிலோமீட்டர், 10 மீட்டர் ஆழத்தில் சுமார் 36. பின்னால் வருகிற பகுதி வேகமாக வந்து முன்னால் மெதுவான பகுதியின் மேல் நெருக்குவதால் உயரம் கூடுகிறது. நடுக்கடலில் செயற்கைக்கோள் அளந்தபோது அரை மீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரம்தான் இருந்தது. அந்த உயரம் பல நிமிடங்களில் மெல்ல ஏறி இறங்குவதால் ஆழ்கடலில் படகில் இருப்பவர் உணரவே மாட்டார். அதுதான் கரையில் வீடு முழுகும் அளவுக்கு எழுந்தது. தமிழ்நாட்டில் மிக அதிக உயிர்களை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். இலங்கை குறுக்கே நின்றும் கேரளத்தில் கொல்லம் கரை தப்பவில்லை. அலை தீவைச் சுற்றி வளைந்து போனது.

சுமத்ரா பக்கத்தில் நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29. அலை இங்கே வரச் சுமார் இரண்டரை மணி நேரம். நில அதிர்வு அலைகளோ பாறை வழியே விநாடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் வருபவை. 2,000 கிலோமீட்டர் தாண்ட நாலைந்து நிமிடம் போதும். வேகமான அலை வந்து, மெதுவான அலை வருகிறது என்று சொல்லிவிட்ட பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கையில் இருந்தது. கேட்டுச் சொல்ல அன்று இந்தியப் பெருங்கடலில் ஏற்பாடு இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது 2007இல்.

மின்னல் தெரிகிறது, இடி எங்கே?

வேகமானது முன்னால் வந்து சேதி சொல்லும் இன்னொரு ஜோடி மின்னலும் இடியும். மின்னல் தெரிந்ததும் விநாடிகளை எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது வயலில் நிற்பவர் மேலும் விழலாம். நடவு ஆட்களானாலும் ஆடு மேய்ப்பவரானாலும் அப்போதே கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். தனி மரத்தடி ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம்.

அப்படியானால் கோடியக்கரையில் மாலை இருட்டியபின் கிழக்கே கடலுக்கு மேல் மின்னல் மின்னிக்கொண்டே இருக்கும், ஒரு இடி கூடக் கேட்காதே, அது என்ன? 'சத்தமில்லாத மின்னல்' என்று ஒரு தனி வகை கிடையாது. உயரே போகப் போகக் காற்று குளிர்கிறது; ஒலிக்கு மெதுவான பக்கம் மேலே இருக்கிறது. அதனால் இடியோசை போகிற வழியெல்லாம் மேல்நோக்கி வளைகிறது, பொதுவாக 15, 20 கிலோமீட்டருக்கு அப்பால் தரையைத் தொடுவதே இல்லை. மின்னலின் ஒளி நேராகக் கரைக்கு வந்துவிடுகிறது. அதன் இடி, கரையில் நிற்பவர் தலைக்கு மேலே எங்கோ உயரத்தில் போய்க்கொண்டிருக்கிறது.